மூன்றாவது லயம், கடைசிக் காம்பரா

"ஒங்களுக்கு வீடு எங்கங்க?"

பக்கத்து சீட்டில் இருந்த பெண் கேட்டாள். வெளியே நல்ல மழை. பஸ்ஸின் கண்ணாடிகளை எல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். உள்ளே ஆட்களின் மூச்சு படிந்து, எந்த ஊரைத் தாண்டுகிறோம் என்றே தெரியவில்லை. நனைந்த குடை, டீசல், யாரோ வாங்கிப் போகிற கருவாடு எல்லாம் சேர்ந்து ஒரே வாசனை.

"பூனாகலை" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல். "மேல் டிவிசன். மூணாவது லயம், கடைசி காம்பரா."

அவள் என்னைப் பார்த்தாள். என் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்படிங்களா" என்றாள்.

அந்த "அப்படிங்களா"வைக் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை. மேலும் மேலும் பேசினேன். அதனால் என்ன ஆனது என்று சொல்வதற்கு முன், அந்த பஸ்ஸில் நான் ஏன் இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மலை வந்து சாய்ந்த கதை

போன வாரம் இந்தப் பத்தியில் என் ராத்திரிகளைப் பற்றி எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு அழுததாகச் சிலர் சொன்னார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆகவே இந்த வாரம் பகல்கள். பகலில் நான் கொஞ்சம் பொல்லாதவள்.

புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா ஆயாவாக இருந்தவள் நான். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைப்பிள்ளைகளை அவர்கள் திரும்பும்வரை பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஓய்வு பெற்றுச் சில காலத்துக்குப் பிறகு, ஒரு பெருமழையில் எங்கள் லயத்துக்கு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளுக்கு, பின்னால் இருந்த மலை இறங்கி வந்து சுவரில் சாய்ந்துகொண்டது. உயிர்ச்சேதம் இல்லை. என் கோழிகூடப் பிழைத்துக்கொண்டது. ஆனால் இனி அந்த லயத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கொஞ்ச நாள் பாய் விரித்தோம். பள்ளிக்கூடம் திறந்ததும் ஆளுக்கொரு பக்கம் போனோம். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தற்காலிகமாக ஏதோ ஓர் ஏற்பாடு நடந்தது. நான் வேலையிலும் இல்லை. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரார் பிள்ளைகளை எல்லாம் வளர்த்தேனே தவிர, எனக்கென்று பிள்ளை இல்லை. தம்பி ராஜு வந்து தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அவன் வீடும் வேறொரு தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பராதான், ஒரே அறை. அதற்குள் அவன், பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், பிரசவத்துக்கு வந்த மூத்த மகள், அவளைப் பார்க்க வந்து திரும்பிப் போக மறந்துவிட்ட மருமகன். நான் போய்ச் சேர்ந்ததும் ராஜு தன் பாயை இஸ்தோப்புக்கு, அதாவது முன் வராந்தாவுக்கு, எடுத்துக்கொண்டு போனான். சாரல் அடிக்கும். "காத்து நல்லா வருதுக்கா" என்பான். சொல்லிவிட்டு இருமுவான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சுச் சளி.

அந்த இருமலை என்னால் தாங்க முடியவில்லை. கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது, தங்குவதற்கு அறையும் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பதுளைக்கு பஸ் ஏறினேன். கொழும்பும் கிடையாது, அறையும் கிடையாது.

அதற்குப் பிறகு எனக்கிருந்த கவலை ஒன்றுதான். இது ராஜுவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றைக்கே வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான், மறுபடியும் இஸ்தோப்பில் படுப்பான். அவன் என் போனுக்குக் கோல் எடுக்கும் நேரத்தில் நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பேன். பின்னால் "பண்டாரவளை, ஹப்புத்தளை" என்று யாராவது தொண்டை கிழியக் கத்துவார்கள். வீட்டுக்காரர்கள் டிவி பார்க்கிறார்கள் என்பேன். கொழும்பில் நம்ம ஊர் பஸ்ஸை எல்லாம்கூட டிவியில் காட்டுகிறார்களா என்று ஒரு நாள் ஆச்சரியப்பட்டான், பாவம்.

உட்கார்ந்தால் பயணி

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேங்காய் துருவவும் பாத்திரம் கழுவவும் வேலை கிடைத்தது. விடிகாலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு பாடு, இருட்டும்போது இன்னொரு பாடு. நடுவில் இருக்கிற பகல் முழுவதையும் நான் எங்காவது கொண்டுபோய்க் கழிக்க வேண்டும்.

வீடில்லாதவளுக்கு ராத்திரிதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். பகலும் லேசில்லை. கோயிலில் கொஞ்ச நேரம் உட்காரலாம். அதற்கு மேல் உட்கார்ந்தால் ஐயர் வந்து என்ன கஷ்டம் என்று அன்பாகக் கேட்பார். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தால் யாருக்கு என்ன வருத்தம் என்பார்கள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தால் எந்த பஸ்ஸுக்கு என்பார்கள். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் சீட்டில் இருக்கிறவளை, நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு பஸ் ஓசி. ஹல்துமுல்லை பஸ்ஸின் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் எங்கள் கடையிலிருந்துதான் மத்தியானச் சோற்றுப் பார்சல் போகும். கொண்டுபோய்க் கொடுப்பவள் நான். ஒரு நாள் பார்சலைக் கொடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இறங்காமல் நின்றேன். கண்டக்டர் சுனில் சிங்களவர், தமிழும் பேசுவார். ஒன்றும் சொல்லாமல் ஒரு ஜன்னல் சீட்டைக் காட்டினார். மறுநாளும் காட்டினார். மூன்றாம் நாள் நானாகவே போய் உட்கார்ந்துவிட்டேன்.

நான் எங்கே இறங்குகிறேன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஹல்துமுல்லையில் பஸ் திரும்பும்போது நானும் திரும்புவேன். டிக்கெட் கிழித்துக்கொண்டு வரும்போது என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அடுத்த ஆளிடம் போய்விடுவார். இந்த மனுஷன் நன்றாயிருக்க வேண்டும் என்று, டிரைவரின் தலைக்கு மேல் கலர் பல்பு எரிய வரிசையாக இருக்கிற புத்தர், பிள்ளையார் எல்லாரிடமும் பொதுவாக வேண்டிக்கொள்வேன்.

பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய பையோடு தினமும் அலைகிறவளை ஊர் கண்டுபிடித்துவிடும். பையே இல்லாமலும் முடியாது. என்னுடைய எல்லாமே அதற்குள்தான் இருந்தது. யோசித்து ஒரு வழி செய்தேன். சந்தைக்குக் கொண்டுபோகிற நடுத்தரப் பை ஒன்றில் துணிமணியை அடுக்கி, கடையில் கறிக்குத் தண்டை எடுத்துக்கொண்டு நறுக்கித் தள்ளுகிற லீக்ஸ் தழையில் ஒரு கைப்பிடியை எடுத்து மேலே எட்டிப்பார்க்கிற மாதிரி செருகிவிடுவேன். அவ்வளவுதான். சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற குடும்பப் பெண் ஆகிவிடுவேன். எத்தனை போலிஸ்காரர்கள் அந்த லீக்ஸைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறார்கள் தெரியுமா.

நின்றுகொண்டு வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பவர் மடியில் தங்கள் பையையும் வைத்துவிடுவது நம் பஸ்களில் உள்ள வழக்கம். கேட்கக்கூட மாட்டார்கள், வைத்துவிடுவார்கள். புத்தகப் பை, பிறந்தநாள் கேக், ஒரு தடவை கால் கட்டிய உயிர்ச் சேவல். சொந்தமாக ஒரு சுவர்கூட இல்லாத என்னை நம்பி அத்தனை வீட்டுச் சாமானும் என் மடிக்கு வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

விசாரணைக் கமிஷன்

பஸ்ஸில் ஏன் இருக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள் என்றேன். ஆனால் வேறொன்று கேட்பார்கள். தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் விசாரணை ஆரம்பமாகிவிடும். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயம், எத்தனையாவது காம்பரா, யார் மகள். இத்தனையும் கேட்டு, ஏதாவது ஒரு கல்யாணத்தைப் பிடித்து, நீங்கள் எனக்கு அத்தை முறை, நான் உங்களுக்கு மருமகள் முறை என்று முடித்தால்தான் அவர்களுக்கு மூச்சு வரும். நானும் அப்படிக் கேட்டு வளர்ந்தவள்தான். வீடில்லாமல் போன பிறகுதான் அது எவ்வளவு பயங்கரமான கேள்வி என்று தெரிந்தது.

உண்மையான தோட்டத்தைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ராஜுவின் காதுக்குப் போய்விடும். ஆகவே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். ஹல்துமுல்லை பஸ்ஸில் இருந்தால் என் வீடு பூனாகலை. எப்போதாவது பூனாகலை பஸ்ஸில் போனால் என் வீடு ஹல்துமுல்லை. இந்த பஸ்காரர்களுக்கு அந்த ஊர் லயங்களைத் தெரியாது. பிறகு ஏன் இந்த பஸ்ஸில் என்று கேட்டால், கோயிலுக்கு ஒரு நேர்த்திக்கடன், அதற்காகப் போகிறேன் என்பேன். சாமி காரியத்தை யாரும் துருவ மாட்டார்கள்.

பூனாகலையில் யார் வீட்டையும் எனக்குத் தெரியாது. எந்த டிவிசனிலும் மூன்றாவது லயம் என்று ஒன்று இருக்கும், எந்த லயத்திலும் கடைசிக் காம்பரா என்று ஒன்று இருக்கும் என்கிற தைரியத்தில் அதைப் பிடித்துக்கொண்டேன்.

சொல்லச் சொல்ல எனக்கு அந்த வீட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. முதல் வாரம் வெறும் காம்பராதான் இருந்தது. அடுத்த வாரம் தரைக்குச் சிவப்புப் பூச்சு போட்டேன். பிறகு வாசலில் தண்ணீர்க் குழாய். பிறகு குசினியில் அடுப்புப் புகை போக ஒரு வழி. சீட்டில் இருந்தபடியே, பஸ் ஹாலிஎல தாண்டுவதற்குள் ஒரு ஜன்னல் வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரியோடு கோழி விஷயமாகச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

மழை நாள்

அன்று மழை காலையிலிருந்தே விடவில்லை. பஸ் பண்டாரவளையில் வெகுநேரம் நின்றது. சுனில் எல்லாருக்கும் உரக்க ஏதோ சொன்னாராம். நான் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தேன்.

அவர் சொன்னது இதுதான். ஹப்புத்தளைப் பாதையில் மண் சரிந்து வழி அடைத்துவிட்டது. பஸ் இன்று பூனாகலை வழியாகச் சுற்றிப் போய், கொஸ்லந்தையில் இறங்கி ஹல்துமுல்லைக்குப் போகும். பூனாகலை பஸ்ஸும் ஓடவில்லை, ஆகவே அந்த ஊர் ஆட்களும் இதிலேயே ஏறலாம்.

நான் கண் விழித்தபோது பஸ்ஸில் நிற்க இடமில்லை. பக்கத்து சீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தலையில் டவல், மடியில் மாவுப் பை. அவள்தான் வீடு எங்கே என்று கேட்டவள். நான்தான் பூனாகலை, மேல் டிவிசன், மூன்றாவது லயம், கடைசிக் காம்பரா என்றவள்.

"அப்படிங்களா" என்ற பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றாக விசாரித்தாள். கூரை ஒழுகுமா என்றாள். ஒரு சொட்டு ஒழுகாது என்றேன். தண்ணீருக்கு எங்கே போவீர்கள் என்றாள். வாசலிலேயே குழாய் இருக்கிறதே என்றேன். குசினியில் புகை அடைக்காதா என்றாள். அதற்கென்று வழி வைத்துக் கட்டியிருக்கிறது, சட்டி பானைகூடக் கறுக்காது என்றேன். ஜன்னலைத் திறந்தால் காலையில் மலை முழுக்க வெயில் விழுவது தெரியும், பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் நிற்பேன் என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கிற முகம் நன்றாக இருந்தால் எனக்குப் பொய் தானாக வரும்.

பிறகு என் பையைக் காட்டி, லீக்ஸ் தழை மட்டும்தான் வாங்கினீர்களா, தண்டு இல்லையா என்று கேட்டாள்.

இத்தனை நாளில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. தழையில்தான் சத்து இருக்கிறது என்று சமாளித்தேன். அது எனக்கே நம்பும்படியாக இல்லை.

அந்த நேரம் பார்த்து, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் குனிந்தார். நாங்கள் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"மேல் டிவிசன் மூணாவது லயம் கடைசி காம்பரான்னா, அது நம்ம புஷ்பம் வீடுல்ல" என்றார். என்னிடம் அல்ல. என் பக்கத்தில் இருந்தவளிடம். "என்னா புஷ்பம், ஒன் வீட்ட இவங்க வீடுங்கிறாங்க?"

பஸ்ஸில் நாலைந்து தலை திரும்பியது. நான் கையால் கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்தேன். ஹப்புத்தளை போகும் வழியில் இருக்கிற எதுவும் அங்கே இல்லை. அப்போதுதான் எந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறேன் என்று விளங்கியது. யாருடைய வீட்டைப் பற்றி அவளிடமே அளந்துகொண்டு வந்தேன் என்பதும் விளங்கியது.

பயந்துபோனேன். இந்தப் பெரியவருக்கு எந்தத் தோட்டத்தில் எந்தச் சம்பந்தி இருக்கிறாரோ. பைக்குள் துணியும், மேலே வாடின தழையுமாக ஒரு கிழவி வீடில்லாமல் பஸ்ஸில் சுற்றுகிறாள் என்று ஒரு கோல் போதும். ராஜு இந்த மழையிலேயே கிளம்பி வருவான். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

புஷ்பம் அவசரமே படவில்லை. மாவுப் பையைச் சரியாக நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"என் வீடுதான் மாமா. இவங்க எங்க அக்கா, பெரியம்மா மக. ஒரே வீடுதானே, அதான் அப்படிச் சொல்றாங்க."

பெரியவர் விடுவாரா. எந்தப் பெரியம்மா என்றார். அம்மா வழியில், உங்களுக்குத் தெரியாது என்றாள். அம்மா வழியில் எந்தத் தோட்டம் என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"எறங்குற எடம் வந்துருச்சு. வாங்கக்கா."

உட்கார்ந்தே இருந்திருக்கலாம். பஸ் என்னைச் சுமந்துகொண்டு போயிருக்கும். ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது தங்கச்சி கூப்பிட்டால் அக்கா எழுந்துதானே ஆக வேண்டும். எழுந்தேன். வாசலில் சுனில் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அக்கா, இன்னைக்கு எறங்கிறதா?" என்று கேட்டார். அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. நான் தலையாட்டினேன். பையை வாங்கிக் கீழே வைத்து, நான் இறங்குவதற்குக் கையும் கொடுத்தார்.

உள்ளபடியே அந்த வீடு

கூரை ஒழுகியது. மூன்று இடத்தில் பாத்திரம் வைத்திருந்தாள். தண்ணீருக்குப் பள்ளத்தில் இறங்கி, ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போக வேண்டும். குசினியில் புகை கண்ணைத் திறக்கவிடவில்லை. ஜன்னல் என்று ஒன்று இருந்தது, அதைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். என் கை இன்னும் படாத வீடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சிரிப்பும் வந்தது.

புஷ்பத்தின் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அவள் மலையில் கொழுந்தெடுக்கிறாள். இரண்டு பெண்பிள்ளைகள் மூலையில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் "பெரியம்மா வந்திருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டன.

பிளேன்டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"என் வீட்டப் பத்தி அவ்வளவு நல்லா சொன்னீங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரரே ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லக்கா. கேக்க ஆசையா இருந்துச்சு."

டீயைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அவள் தேற்றவெல்லாம் இல்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ரொட்டிக்கு மாவு பிசையப் போய்விட்டாள். அழுது முடித்ததும் தேங்காயையும் துருவலகையையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

ஒரு ராத்திரிக்கு என்று தங்கியவள், அடுத்த தீபாவளிக்கும் அந்தக் குசினியில்தான் பலகாரம் சுட்டேன். இடையில் தகரத்தைக் கழற்றி ஜன்னலைத் திறந்துவிட்டதும், பக்கத்து வீட்டுக்காரியோடு கோழிக்காக நிஜமாகவே சண்டை போட்டதும் உண்டு. ஆனால் சொல்ல வந்தது அதையல்ல. அன்று சாயங்காலத்தைத்தான்.

ரொட்டி வெந்துகொண்டிருக்கும்போது ராஜு கோல் எடுத்தான். தகரத்தில் மழை விழுகிற சத்தம் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். கொழும்பிலும் மழையா என்று கேட்டான். டிவி என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அலுத்துப் போயிருந்தது.

"கொழும்புல இல்லடா. பூனாகலைல இருக்கேன். தங்கச்சி வீட்டுல."

"நமக்கு ஏதுக்கா தங்கச்சி?"

"இப்பத்தான் கெடைச்சா" என்றேன்.

அவன் இருமினான். பிறகு, எந்த டிவிசன் என்று கேட்டான். சொன்னேன். எந்த லயம் என்றான். அதையும் சொன்னேன். அதற்குள் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அழுகிறான் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அழுதுகொண்டே, எத்தனையாவது காம்பரா என்றும் கேட்டான்.